வடகிழக்குத் தூண்

இன்று சாயங்காலம் கோபுர மணியை அடிக்கக் கூடாது என்று சொல்லத்தான் ஹம்சா வாயைத் திறந்தாள். அதற்குள் யோகேஷ் கையை நீட்டி மைக்கை அணைத்துவிட்டான்.

திரையில், இங்கிலாந்திலிருந்து பேசிய கட்டடக் கலைஞர் அம்மாள் தேநீர்க் கோப்பையோடு காத்திருந்தார். அங்கே காலை பத்து மணி. இங்கே கச்சிபௌலியில், ஒன்பதாவது மாடியில், பிற்பகல் இரண்டரை.

“நக்கோ ஹம்சா. நம்மளைக் கேட்டது படம் மட்டும்தான். கைக்கு இந்த வம்பு?”

யோகேஷ் அவளுடைய மேலாளர். சிகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழன். பயம் வந்துவிட்டால் ஊர்ப் பேச்சு கூடிவிடும்; வேண்டாம் ‘நக்கோ’ ஆகும், எதற்கு ‘கைக்கு’ ஆகும்.

ஹம்சா மூன்று மாதமாக அந்தக் கோபுரம் உள்ள தேவாலயத்துக்குள்தான் குடியிருந்தாள். நேரில் பார்த்ததில்லை. லேசர் கருவி அளந்து அனுப்பிய கோடிக்கணக்கான புள்ளிகளைப் படமாக வரைவது அவள் வேலை. ஏதோ ஒரு சின்ன கிராமத்துச் சர்ச். நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்துக் கொஞ்ச காலத்தில் கட்டியது. தொள்ளாயிரம் வருடம் ஆகிறது. அரைவட்ட வளைவுகள், வளைவைச் சுற்றி ரம்பப் பல் போலச் செதுக்கல், கையகலச் சன்னல்கள். நட்டநடுவே நான்கு தடித்த தூண்கள்மேல் ஒரு குட்டைக் கோபுரம்.

தூண்கள் பார்வைக்குத்தான் யானைக்கால். வெளித்தோல் மட்டுமே செதுக்கிய கல். உள்ளே சல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடைத்தது. அந்தக் காலத்துக் கோபுரங்கள் சில, சொல்லாமல் கொள்ளாமல் உட்கார்ந்துவிட்டதை அவள் படித்திருந்தாள்.

வடகிழக்குத் தூண் சாய்ந்திருந்தது. அறுபத்திரண்டு மில்லிமீட்டர்.

ஆறு வருடத்துக்கு முந்தைய படத்தில் அதே தூண் குண்டுநூல் பிடித்தாற்போல நேராக நின்றது. அந்தப் படத்தை நம்பித்தான் கோபுரத்தில் புதிதாக எட்டு மணிகளைத் தொங்கவிட்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் பயிற்சி. எட்டும் சேர்ந்து ஆடினால் கோபுரமும் ஆடும். அதற்கு நேர் கீழே பாட்டுக் குழு நிற்கும்.

இன்று வெள்ளிக்கிழமை.

பழைய புள்ளிகளையும் தேடி எடுத்துப் பார்த்திருந்தாள். அப்போதே நாற்பது மில்லிமீட்டர் சாய்வு. வரைந்தவர் மென்பொருளில் ‘ஆர்த்தோ’ என்ற பொத்தானை அழுத்திவிட்டுக் கோடு இழுத்திருக்கிறார். அதை அழுத்திவிட்டால் கை எப்படிப் போனாலும் கோடு செங்குத்தாகத்தான் விழும். வேலை சீக்கிரம் முடியும்.

அந்தப் பழைய படத்தின் மூலையில் லண்டன் நிறுவனம் ஒன்றின் முத்திரை இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

“இதையே நாம செஞ்சிருந்தா, இந்தியாக்காரங்க வேலை இப்படித்தான்னு ஊரெல்லாம் சொல்லியிருப்பாங்க. கண்ணை மூடிக்கிட்டு வரைஞ்சிருக்கான், கடங்காரன்!” என்று யோகேஷிடம் சீறினாள்.

யோகேஷின் கையைத் தள்ளிவிட்டு மைக்கைப் போட்டாள். ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். ஆறு வருடத்தில் இருபத்திரண்டு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது. இன்னும் நகர்கிறது.

அம்மாள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்.

கால் மணி நேரம் திரையில் வெறும் நாற்காலி.

திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. தேவாலயத்தைப் பூட்டச் சொல்லியாயிற்று. மணிப் பயிற்சி இல்லை. முட்டுக் கொடுக்க மத்தியானமே ஆட்கள் வருகிறார்கள்.

“பழைய படத்தின் மூலக் கோப்பு இன்று காலைதான் என் கைக்கு வந்தது. நான் இன்னும் திறக்கவில்லை, உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். வரைந்தது யார் என்று பாருங்கள். பெயரைப் போட்டே புகார் எழுதப்போகிறேன்” என்றார் அம்மாள்.

“எழுதத்தான் வேண்டும்” என்றாள் ஹம்சா.

கோப்பைத் திறந்தாள். அதன் விவரப் பட்டியலில், கடைசியாகச் சேமித்தவர் என்ற வரிக்குப் போனாள்.

ஹம்சா. உப்பல். நான்கு.

ஆறு வருடத்துக்கு முன், நகரின் மறுகோடியிலிருக்கும் உப்பலில்தான் அவளுடைய முதல் வேலை. மாவு மில்லுக்கு மேலே இரண்டு அறை, ஆறு கணினி. நான்காவது அவளுடையது. யார் யாரிடமிருந்தோ கைமாறி, துண்டு துண்டாகப் படங்கள் வரும். எந்த ஊர், என்ன கட்டடம் என்று ஒரு விவரமும் இருக்காது. தாள் எண் மட்டும் இருக்கும். ஒரு நாளைக்கு முப்பது தாள் முடிக்க வேண்டும்.

இந்தத் தூணை வரைந்த நாளை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். ஒன்றுமே வரவில்லை.

யோகேஷும் அந்த வரியைப் படித்துவிட்டான். “மூடிடு” என்றான், உதடு அசையாமல்.

அம்மாள் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்: “பெயர் ஏதாவது இருக்கிறதா?”

“இருக்கிறது” என்ற ஹம்சா, தன் பெயரின் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்.

மூன்றாவது எழுத்தில் பேனா நின்றது.