சராசரிக்குள் ஒருவர்

கவனத்தைச் சோதிக்கும் அந்த ஆய்வில், திரையின் எந்த மூலையில் புள்ளி தெரிந்தாலும் உடனே பொத்தானை அழுத்த வேண்டும். விடைகளை எப்படிக் கணக்கிடுவது என்பதில்தான் ஆய்வாளருக்கும் புள்ளியியல் படித்த அவர் மனைவிக்கும் தகராறு.

"ஆளுக்கு எத்தனை சரின்னு சராசரி எடுத்தா வேலை முடிஞ்சுது. ஏன் இழுத்தடிக்கிற?"

"சராசரியில எல்லாம் கலந்துபோயிடும். சரியா தப்பான்னு ஒவ்வொரு விடையையும் தனியா வச்சுப் பாக்குற முறைதான் இதுக்குப் பொருந்தும்."

"உன் பிடிவாதத்துக்கு அளவே இல்லையா?" என்று ஆய்வாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவள் பதற்றத்தோடு கூப்பிட்டாள்.

"இங்க பாருங்க. கடைசி ஆளோட சராசரி மத்தவங்களை மாதிரியேதான் இருக்கு. ஆனா தப்பெல்லாம் இடது மேல் மூலையில மட்டுமே. அந்தப் பக்கம் அவருக்குப் பார்வையே இல்லபோல. உடனே டாக்டர்கிட்ட அனுப்புங்க. யாருங்க அவர்?"

ஆய்வாளர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"அன்னைக்கு ஒருத்தர் வரல. ஆள் குறையுதேன்னு நானே உக்காந்துட்டேன்."

அவர் பார்வையைப் பாதித்த, மூளையில் இருந்த சிறு கட்டியை, அது முற்றுவதற்குள் மருத்துவர்கள் எடுத்துவிட்டார்கள். கண் விழித்ததும் அவர் மனைவியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேளை, நீ என் பேச்சைக் கேக்கல."