ஐந்து லட்சத்துப் பத்தாயிரத்து ஐந்நூற்றுப் பத்து

நீள சோபாவில் மாமனார் சின்னத்தம்பி. பக்கத்தில் மாமியார் கமலம், மடியில் முறுக்குத் தட்டு. ஜன்னலோரம் கணவன் ஸ்ரீநாத். அவனுக்கு எதிர் நாற்காலி ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த் நகருக்குக் குடிபோன மூத்த மகனுடையது; அதில் யாரும் உட்காருவதில்லை. உமாமகேஸ்வரி சமையலறை வாசலில் நின்றாள்.

சிங்கப்பூரின் கிழக்குக் கோடியில், பாசிர் ரிஸில், ஸ்ரீநாத்தும் அவளும் தனியே குடிபோகப் பார்த்து வைத்த வீட்டின் அஞ்சல் குறியீடு 510510.

மாமனார் விரல் மடக்கிக் கூட்டினார். பன்னிரண்டு. ஒன்றும் இரண்டும் மூன்று.

லாரி நம்பர், கிளினிக் வரிசைச் சீட்டு, கண்ணில் பட்ட எதையும் கூட்டாமல் விடாத மனிதர்.

"இவன் பொறந்தது ஆறாந் தேதி. ஆறுக்கு மூணு பகை. ஆகாது."

முதலில் பார்த்த வீடு எட்டு என்று கழிந்தது. அடுத்தது நான்கு என்று கழிந்தது.

உயர்நிலைப் பள்ளியில் கணிதம் சொல்லித் தருகிறவளுக்குக் காது சுட்டது.

"ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு, பதினேழு. முதல் ஏழு பகா எண்ணையும் பெருக்கிப் பாருங்க மாமா, இதுதான் வரும். ஏழு வேற வேற பகா எண்ணால வகுபடுறதுல இதைவிடச் சின்ன எண்ணே கிடையாது."

"உன் கணக்க ஸ்கூல்ல வச்சுக்கம்மா."

"விடு லா உமா," என்றான் ஸ்ரீநாத், முறுக்கைக் கடித்தபடி.

மறுநாள் காலை அவனை இழுத்துக்கொண்டு போய் வீடு வாங்கும் படிவத்தில் கையெழுத்துப் போட வைத்தாள். வீட்டில் போய்ச் சொல்ல அவனுக்குத் தைரியமில்லை. அவள் சொன்னாலோ மாமனார் பாதியில் எழுந்து போவார். தபாலில் வந்தால் படித்துத்தானே ஆகவேண்டும்?

மாலையில் தேக்கா சந்தைக் காப்பிக்கடையில் உட்கார்ந்து எழுதினாள். ஊர்ப் பள்ளியில் பழகிய முறைப்படி தேதி, 'மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு', பிறகு வரிசை எண்.

ஒன்று: இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பதால் வகுத்த மீதி தெரியும். குடும்பத்தின் கதி தெரியாது.

இரண்டு: வீட்டை உறுதி செய்துவிட்டோம்.

மூன்று: ஓர் எண்ணுக்குப் பயந்து சாகிறவர் எங்கள் வாசலை மிதிக்க வேண்டாம்.

பேனா தாளைக் கிழித்தது. மடித்தாள், ஒட்டினாள், தபால்தலையை அறைந்தாள்.

தபால் பெட்டியில் பாதி நுழைத்தவள், பழக்கதோஷத்தில் முகவரியைச் சரிபார்த்தாள். மாமனார் வீட்டு அஞ்சல் குறியீடு. நான்கு வருடமாகப் படிவம் படிவமாக எழுதிய எண். கோபத்தில் மனம் தானாகக் கூட்டியது.

இருபத்தொன்று. இரண்டும் ஒன்றும் மூன்று.

ஆறாந் தேதிக்காரன் பிறந்து, வளர்ந்து, நேற்றுவரை முறுக்குத் தின்ற வீடு.

இதையா கூட்டாமல் இருந்திருப்பார்?

காலி நாற்காலி கண்முன் வந்தது.

'போகாதீங்கன்னு சொல்ல ஒரு வாயில்லையா இந்த மனுஷனுக்கு' என்று பல்லைக் கடித்தாள்.

கடித்த வேகத்தில் விரல் தளர்ந்தது. உறை உள்ளே விழுந்தது.