வரேன்

அந்த அமெரிக்கச் சிற்றூரின் சலவைக்கடையில் ஐந்து நண்பர்கள் இரவல் கேமராவோடு படம் எடுத்தார்கள். ஸ்டுடியோவும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. இயக்குநரான டெஸ் என்ற பெண்ணே விளக்கையும் தூக்கிப் பிடித்தாள். கடையில் வேலைபார்த்த ஆவுடையிடம், "கடைசிக் காட்சி உங்களுது. கதவைத் திறந்து வெளியே போங்க, போறப்ப உங்க மொழியில ஏதாவது சொல்லுங்க" என்றாள். ஆவுடை ஈரக்கையை ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டு, வாசலில் திரும்பி, "வரேன்" என்றாள். அர்த்தம் கேட்டு, அதையே திரையின் அடியில் ஆங்கிலத்தில் போட்டார்கள்.

படம் ஊர் ஊராகப் போனது. ஐம்பது பேர் உட்காரும் அரங்குகளில் நின்றுகொண்டு பார்த்தார்களாம். ஒருநாள் டெஸ் போனில் கேட்டாள்: "வெளியே போறவங்க ஏன் வரேன்னு சொல்றாங்கன்னு எல்லாரும் கேக்கிறாங்க. போறேன்னு மாத்திடவா?"

"ஐயோ, வாசல்ல நின்னு போறேன்னு சொல்லக்கூடாது. மாத்திராத" என்று பதறினாள் ஆவுடை.

அடுத்த வாரம் சங்கரன்கோவிலிலிருந்து தங்கை செண்பகம் அழைத்தாள். பத்தொன்பது வருடமாக எப்போது வருவாய் என்று ஒரு தடவைகூடக் கேட்காதவள்.

"படத்தை போன்ல பாத்தேன்க்கா. அன்னைக்கு கெளம்பும்போது நம்ம வாசல்ல சொன்ன மாதிரியே சொல்லுத. பேரெல்லாம் ஓடி முடியுத வரைக்கும் எந்திரிக்காம இருந்தேன். நீ வரவே இல்லியே."

ஆவுடை போனைக் காதில் வைத்தபடியே நடந்துபோய், கடைக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே யாரும் இல்லை.