பூந்தியின் பங்கு

கடித்தது என்னவோ நாய்க்குட்டிதான். ஆனால் எதிர் ஃப்ளாட் சிவகாமி அம்மாளின் விரலில் போட்டிருந்த கட்டைப் பார்த்ததும், தானே கடித்துவிட்டதுபோல ஜமீலாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"கையில இட்லி வச்சிருந்தேன் ஜமீலா. பாய்ஞ்சு பிடுங்குச்சு பாரு, விரலும் சேர்ந்து மாட்டிக்கிச்சு. இப்பதான் ஊசி போட்டுக்கிட்டு வர்றேன். மாசமா இருக்கிற பொண்ணு இருக்கிற வீடு. இனிமே இதை வச்சிருக்க முடியுமா? ஆட்டோ வரச் சொல்லியாச்சு."

பாரிவாக்கத்தில் ஒரு நர்சரித் தோட்டத்துக்குப் போகிறதாம் பூந்தி. அங்கே இரவும் பகலும் சங்கிலியில்தான் கிடக்கும். கிரில் கதவில் கட்டியிருந்த அந்த நோஞ்சான் குட்டி, விஷயம் தெரியாமல் ஜமீலாவைப் பார்த்து வாலை ஆட்டியது. அவளுக்கு அதன் கண்ணைப் பார்க்க முகமில்லை.

"நாய் டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். சாப்பாட்டை ஏதாவது மாத்தினீங்களா, குட்டிங்களுக்குத் தீனி மாறினா குணமும் மாறும்னார். நம்ம வீட்ல தயிர் சாதத்தைத் தவிர அது வேற என்னத்தைக் கண்டுது?"

வேறு என்னத்தைக் கண்டது என்பது ஆவடியிலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி ஜமீலா. இன்னொருத்தி, உள்ளே கதவோரம் தலையைக் குனிந்துகொண்டு நிற்கும் ராதிகா, சிவகாமி அம்மாளின் மருமகள்.

அந்த வீடு சுத்த சைவம். முட்டை ஓடுகூட வாசல் தாண்டாது. ராதிகாவோ கறி மீன் இல்லாமல் சோறு இறங்காத கோவில்பதாகை வீட்டுப் பெண். சிவகாமி அம்மாளின் மகன் ராகேஷைக் காதலித்துக் கட்டிக்கொண்டதில் அம்மா வீட்டோடு பேச்சுவார்த்தையே அறுந்துபோனவள். "எங்க வீட்டுக்காகக் கறி மீனையெல்லாம் மறந்தே போயிட்டா என் மருமக" என்று சிவகாமி அம்மாள் லிஃப்டில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை அடிப்பார்.

அந்த மருமகள்தான் ஒருநாள் பூனை மாதிரி வந்து நின்றாள். "அக்கா, வளர்ற குட்டி. வெறும் தயிர் சோறு துன்னா எப்டிக்கா ஒடம்புல ஒட்டும்? உங்க ஊட்ல ஈரல் கீரல் ஆக்கினா ஒரு டப்பால குடுங்க. மொட்டை மாடில வச்சுப் போட்டுடுறேன். அத்தைக்கு மட்டும் தெரிய வேணாம்."

வாயில்லாத ஜீவனுக்குத்தானே என்று ஜமீலாவும் தலையாட்டிவிட்டாள். அதிலிருந்து மதியம் சிவகாமி அம்மாள் கண் அசந்ததும் டப்பா கை மாறும். மாடியிலிருந்து இறங்கும்போது பூந்தி ராதிகாவின் விரல்களை நக்கிக்கொண்டே வரும். பின்னாலேயே டப்பா, கழுவித் துடைத்துத் திரும்பும்.

நடுவில் ஒரு தடவை, "சும்மா வேகவச்சது வேணாம்க்கா, உப்பும் மிளகும் போட்டு வறுத்துடுங்க. அப்பதான் துன்னுது" என்றாள். நாய்க்குப் போய் மிளகா என்று ஜமீலாவுக்கு உறுத்தத்தான் செய்தது. இருந்தும் போட்டாள்.

அந்த மிளகு இப்போது அவள் நெஞ்சில் எரிந்தது. டப்பா போக ஆரம்பித்த பிறகுதானே பூந்தி இப்படி ஆனது? குப்பைக் கூடையைக் கவிழ்த்தது, பால் பாக்கெட்டைக் கிழித்தது, கீழ் வீட்டுக் குழந்தை கையிலிருந்த பிஸ்கட்டைப் பறித்தது. கறி ருசி கண்டு வெறி ஏறிவிட்டது. ஏற்றிவிட்ட பாவி தான்தான் என்று மருகினாள்.

கீழே ஆட்டோ ஹாரன் கேட்டது. சிவகாமி அம்மாள் சங்கிலியை அவிழ்த்தார். பூந்தி போக மறுத்து, ஜமீலாவின் காலடியில் வந்து சுருண்டுகொண்டது.

சொல்லிடாதீங்கக்கா என்று ராதிகா கண்ணாலேயே கெஞ்சினாள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் மேல் பழி விழக் கூடாது என்பது ஜமீலாவுக்கும் தெரியும். முழுப் பழியையும் தன் தலையிலேயே போட்டுக்கொள்வதென்று வாயைத் திறந்தாள்.

"அம்மா, பூந்திய அனுப்பாதீங்க. தப்பு அதும் மேல இல்ல, எம் மேலதான் கீது. உங்களுக்குத் தெரியாம நான்தான் அதுக்கு ஈரல் வறுத்துப் போட்டேன். ராதிகாவுக்கு ஒண்ணும் தெரியாது. கறிய நிறுத்திட்டா குட்டி பழையபடி ஆயிடும்மா. நான் இனிமே உங்க வாசப்பக்கம் கூட வரல."

சிவகாமி அம்மாள் கையிலிருந்து சங்கிலி நழுவியது. "நீயா ஜமீலா? உன்னை என் கூடப்பிறந்தவளாட்டம் நினைச்சேனே. என் வீட்டுக் குட்டிக்கு, எனக்குத் தெரியாமலா?"

அவர் கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூடத் தேவலை. அந்தக் குரல் உடைந்ததைக் கேட்டு ஜமீலா நின்ற இடத்திலேயே அழுதுவிட்டாள்.

அப்போதுதான் ராதிகா வெளியே வந்தாள். சிரமப்பட்டுக் குனிந்து பூந்தியைத் தூக்கிக்கொண்டாள். தூக்கியதும் அது வழக்கம்போல அவள் விரல்களை நக்க ஆரம்பித்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க அத்தை. இது பசியிலதான் கடிச்சுது" என்றாள்.

"இது தினம் மோந்துதான் பாத்துச்சு. சாப்பிட்டதெல்லாம் நான்."