பெயர் போடாத படம்

மாலை நாலரை மணி. விருத்தாசலத்துக் கல்லூரி ஒன்றின் கணினி அறையில் புரொஜெக்டர் மட்டும் வெளிச்சம் தருகிறது. சுவரில் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே தெரிகிறது; விலா எலும்புகளுக்கு நடுவே பொடி தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். பீங்கான் கம்பெனியில் கல் அரைக்கும் ஒருவருடையது என்று மட்டும் எழுதி, வெண்பா நேற்று அதை ஆராய்ச்சியாளர்களின் இணையக் குழுவில் போட்டிருக்கிறாள். "பேரு போடாதீங்க. கேள்விய மட்டும் தெளிவா கேளுங்க, எங்கேருந்தாவது பதிலு வரும்" என்பது சாருலதா மேடம் சொல்லிக்கொடுத்தது. வந்த பதிலை, கேள்வி போட்டவரே எழுந்து வகுப்புக்குத் தமிழில் சொல்ல வேண்டும் என்பதும் அவர் வைத்த வழக்கம். மூன்று நாடுகளிலிருந்து மூன்று மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். வெண்பா எழுந்து நிற்கிறாள். முதல் வரியைத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிடுகிறாள். வெளியே யாரோ இருமுகிறார்கள். சற்று நிறுத்தி, மறுபடியும் இருமுகிறார்கள். "சொல்லும்மா, மூணு பேரும் ஒரே கேள்விதான கேட்டிருக்காங்க?" என்ற சாருலதா, பொறுக்காமல் தானே படித்துச் சொல்கிறார்: "இவர் இன்னமும் அந்தத் தூசியில்தான் வேலை செய்கிறாரா? உடனே நிறுத்தச் சொல்லுங்கள்." இருமல் ஜன்னலருகே வருகிறது. வேலை முடிந்து, மகளைக் கூட்டிப்போக வந்திருக்கும் சாமிதுரை கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்கிறார். புருவமெல்லாம் வெள்ளைத் தூசி. சுவரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்கிறது. "காலேஜு பாடத்துக்குன்னு நான் குடுத்த படந்தான இது? மார்க்கு போட்டுட்டாங்களா, பாப்பா?"