எதிர் நாற்காலி

"உள்ளுக்குள்ள இருக்கிற சாமிய எதிர் நாற்காலில உக்கார வச்சுத் திட்டித் தீர்த்துடுங்க. அப்புறம் நீங்களே அங்க உக்காந்து, சாமியா பதில் சொல்லுங்க. கெளம்பறப்ப மட்டும் மறக்காம உங்க நாற்காலிக்குத் திரும்பிடணும்" என்றார் மனநல மருத்துவர்.

போன வருஷம் மகளைப் பறிகொடுத்த பூட்டு ரிப்பேர்க்காரர் வாய்க்கு வந்தபடி திட்டினார். பிறகு எதிரே போய் உட்கார்ந்தார். "அவ திரும்ப வரமாட்டா, போடா" என்று தன் வாயாலேயே சொன்னதும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாமியின் நாற்காலியிலிருந்தே எழுந்து, கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியேறினார்.

வீட்டில் மகளின் படத்தைத் தாண்டும்போது நெஞ்சு அடைக்கவில்லை.

மறுநாள் மருத்துவர் போன் செய்தார். "உங்க நாற்காலில ஒருத்தர் அழுதுக்கிட்டே இருக்காரு, சார். 'சாமி, சாமி'ன்னு உங்களத்தான் கூப்பிடறாரு."

"ஒரு வருஷமா அதத்தானே பண்றான்" என்றார் அவர். "அழட்டும்."