பெலிக்ஸின் தமிழ்

லண்டன் மோர்டனில், கிருஷ்ணராசா வீட்டில் புட்டுச் சாப்பிட்டு எழும்பினான் பெலிக்ஸ். ஜெர்மன்காரன்; கார் பந்தய வீரன். ஆறு வருசமாக அவனுடைய என்ஜினியர் கிருஷ்ணராசாதான்.

"எதிர் டீம்காரர் என்னைக் கூப்பிட்டவை. பெலிக்ஸை விட்டிட்டு வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்," என்றார் அவர்.

பெலிக்ஸ் குனிந்து சப்பாத்தைப் போட்டான். "அண்ணை, போறன்."

"போறன் எண்டு சொல்லாதையடா! திரும்பி வராத ஆக்கள்தான் அப்பிடிச் சொல்லுறது. போட்டு வாறன் எண்டு சொல்லு. எத்தினை தரம் சொல்லித் தந்தனான்!"

"தெரியும் அண்ணை." அவரைக் கட்டிப்பிடித்துவிட்டுப் படியிறங்கினான்.

"இவனுக்கு இன்னும் தமிழ் சரிவரேல்லை," என்று மனைவியிடம் சிரித்தார் கிருஷ்ணராசா.

மறுநாள் காலை டிவியில், எதிர் டீமின் சட்டையோடு கைகாட்டிக்கொண்டிருந்தான் பெலிக்ஸ்.

கிருஷ்ணராசா டிவியை நிறுத்திவிட்டு மனைவியிடம் திரும்பினார்.

"அவன் பிழை விடேல்லையப்பா. சரியாத்தான் சொல்லிப்போட்டுப் போயிருக்கிறான்."